இம்பி வேண்டாமென்ற தண்ணீர்

பியூட், மான்டானா
14 அக்டோபர் 1962

அன்புள்ள நெட்ரா அக்காவுக்கு,

அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்குச் சுரங்கத் தூசியால் வரும் இருமல் மட்டும் விடவில்லை. பெரியம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உருளைக்கிழங்கு எடுக்க உங்கள் பள்ளிக்கூடத்தை மூடியிருப்பார்கள், உன் இடுப்பு ஒடிந்து போயிருக்கும். படுத்துக்கொண்டே இதைப் படி.

என்னை விவாத அணியில் சேர்த்துக்கொண்டார்கள். "பிறரைப் புரிந்துகொள்ளச் சகிப்புத்தன்மை அவசியம்" என்பது தலைப்பு. அவசியம் என்று வாதாடுவது நான். போட்டி ஏப்ரலில்தான், ஆனால் நூலகத்தில் இதைப்பற்றி இருந்த எல்லாப் புத்தகங்களையும் இப்போதே எடுத்து வந்துவிட்டேன். நூலகர் அம்மாள் முத்திரை குத்திக்கொண்டே, "மத்தவங்களுக்கும் கொஞ்சம் சகிப்புத்தன்மை மிச்சம் வைம்மா" என்றாள்.

புத்தகங்களைவிட நல்ல உதாரணம் நம் குடும்பத்திலேயே இருக்கிறது. பிப்ரவரியில் அம்மாவை அடக்கம் செய்த நாளை நினைத்துப் பார். பின்லாந்திலிருந்து வந்த நம் பின்னிஷ்காரர்களின் தொழிலாளர் மன்றத்தில், அம்மா விரும்பியபடி, பாதிரியார் இல்லை, ஜெபம் இல்லை. லூத்தரன் பாதிரியார் வாசல்வரை வந்தபோது அப்பா, "படிக்கட்டுல நீங்களா இறங்குறீங்களா, நான் இறக்கி விடட்டுமா?" என்று கேட்டார். சங்கத்து ஆட்கள் பாடினார்கள், அவ்வளவுதான். உன் அம்மா முன்வரிசையில் நின்றாள். மார்மன் சபையில் சேர்ந்தவள் கூடப்பிறந்த தங்கைக்காக ஒரு வார்த்தை ஜெபிக்காமல் நிற்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடுகூட அசையவில்லை. பெரியம்மா அம்மாவின் கொள்கையைச் சகித்துக்கொண்டாள், அதனால்தான் அம்மாவைப் புரிந்துகொண்டாள். என் வாதத்தின் முதுகெலும்பே இதுதான். சரிதானே?

பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் என் அன்பு. உடனே எழுது.

உன் தங்கை,
இல்மா


பிளாக்ஃபுட், ஐடஹோ
9 நவம்பர் 1962

அடி இல்மா,

எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, எனவே அப்பா வானொலிச் செய்தியை விட்டுவிட்டு அதையே நம்புகிறார். சித்தப்பா இருமலுக்குப் புகையிலையை விட வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அவர் விடமாட்டார் என்பது அவளுக்கும் தெரியும்.

என் நகக்கண்ணில் இன்னும் மண் இருக்கிறது, அதனால் பெரிய வாதமெல்லாம் என்னால் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னையும் என் சபையையும் நீ "சகித்துக்கொள்கிறாய்" என்று யாரிடமாவது சொன்னால் உன் காதைத் திருகுவேன். சகித்துக்கொள்வது பல்வலியைத்தான். நான் உன் பல்வலியா?

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். காப்பி குடிக்கக் கூடாத எங்கள் சபையில் அவள் சேர்ந்த பிறகு பியூட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் காப்பிப் பாத்திரத்தை ஒளித்து வைப்பார்களாம். இம்பி சித்தி மட்டும், நாங்கள் அங்கே வரும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவள் முன்னால் ஒரு கோப்பையைத் தட்டென்று வைப்பாள். "குடிக்க மாட்டேன்னு தெரியும். ஆனா மோந்து பாத்துட்டுப் பொய் சொல்லுடி, வேணாம்னு!" பிறகு இரண்டு பேரும் சவுனா அறையில் நீராவிக்குள் உட்கார்ந்து, தோல் சிவக்கும்வரை சண்டை போடுவார்கள். அம்மா என்னிடம் சொன்னது: "மத்தவங்க எல்லாம் என் மதத்துக்கு மரியாதை குடுத்தாங்க. ஒரு பின்னிஷ்காரிக்குக் காப்பியை விடுறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுக்கிட்டவ அவ ஒருத்திதான்."

உன் சித்தாந்தத்தில் இதை எங்கே வைப்பாய்? சித்தி எதையுமே சகித்துக்கொண்டதில்லையே!

குளிர் வந்துவிட்டது, காதை மூடிக்கொண்டு போ.

நெட்ரா


பியூட்
27 டிசம்பர் 1962

அன்புள்ள நெட்ரா அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ அனுப்பிய கம்பளிக் கையுறை அளவாக இருக்கிறது. நான் செய்த ஏலக்காய் ரொட்டி பத்திரமாக வந்ததா? அம்மாவுடையதைப் போலப் பின்னல் விழவில்லை, கயிற்றுச் சிக்கல் மாதிரி இருந்தது. அப்பா பேசாமல் சாப்பிட்டார்.

நீ சொன்னதை மூன்று நாள் யோசித்தேன். அம்மா போட்ட சண்டை சகிப்பின்மை அல்ல, அது நேர்மை என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன். பிறகு அதை அடித்துவிட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் போட்டியில் எதிர்க்கட்சிக்கு உன்னைத் தெரியாது என்பது என் அதிர்ஷ்டம்.

அம்மாவின் கடைசி நாட்களில் நீ இங்கே இல்லை, அதனால் சொல்கிறேன். மருத்துவமனையில் ஒரு மாலை என்னையும் அப்பாவையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்துச் சொன்னாள்: "செத்தப்புறம் என்னை யாரும் நனைக்கக் கூடாது. உயிரோட இருக்கிறப்பவே நான் நனையலை. மயங்கிக் கிடக்கிறவ பையில காசு போடுறதும் திருட்டு மாதிரிதான்." எந்தப் பாதிரியாரின் தண்ணீரும் அவள்மேல் படாது என்று நான் சத்தியம் செய்தேன். அப்பா அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அம்மா எனக்கு விட்டுப்போன சொத்து என்றால் அந்த வார்த்தைதான். அது காப்பாற்றப்பட்டதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. எங்கே நம்பிக்கை இல்லாதவர்களும் இருக்கிறவர்களும் ஒருவர் வார்த்தையை ஒருவர் காப்பாற்றுகிறார்களோ அங்கே மனிதர்கள் வாழ முடியும் என்று என் முடிவுரையில் எழுதப் போகிறேன்.

அப்பா சனிக்கிழமைகளில் சவுனாவில் வெகுநேரம் தனியாக இருக்கிறார். சுவர் வழியாகக் கேட்டது: "மளிகைக்காரன் மாவு விலையை ஏத்திட்டான், இம்பி." பெரியம்மா அவருக்குத் தனியாகக் கடிதம் போடுகிறாள் போலிருக்கிறது. என்ன எழுதுகிறாள் என்று கேட்டால், "முழங்கால் வலி" என்கிறார். இத்தனை பக்கத்துக்கு ஒரு முழங்கால் வலிக்குமா, அக்கா?

உன் சபையைப் பற்றி எழுது. மறுத்துப் பேசாமல் கேட்பேன்.

இல்மா


பிளாக்ஃபுட்
20 ஜனவரி 1963

அன்பு இல்மா,

எல்லோரும் நலம். ரொட்டி வந்தது. சிக்கலாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. இங்கே பனி வேலிக் கம்பம் வரை ஏறியிருக்கிறது.

இந்த முறை சின்னக் கடிதம். அம்மா நம் வம்சத்தை எழுதி வைக்கிறாள். எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் அது வழக்கம். பிறப்பு விவரமெல்லாம் அவளிடம் இருக்கிறது. சித்தியின் கல்யாணத்தின்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லையே, அதனால் அந்தத் தேதியும் இடமும் தெரியவில்லை. சித்தி கடைசியாக எந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டாள் என்பதும் வேண்டும். சித்தப்பாவைத் தொந்தரவு செய்யாதே, உனக்குத் தெரிந்தால் எழுது.

சபையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

பார்த்து இரு.

நெட்ரா


பியூட்
28 ஜனவரி 1963

அன்புள்ள நெட்ரா அக்காவுக்கு,

சுகம். அப்பாவுக்கும் இருமல் குறைவு. அங்கே யாருக்கும் சளிக்காய்ச்சல் இல்லையே?

வம்சம் எழுதுவது எவ்வளவு நல்ல காரியம்! அம்மாவைப் பற்றி யாராவது என்னிடம் ஏதாவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். இங்கே எல்லோரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். கல்யாணம் 1945 ஜூன் 23, ஜுஹன்னுஸ் என்கிற நம் நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின நாள், இதே தொழிலாளர் மன்றத்தில். சங்கச் செயலாளர்தான் நடத்தி வைத்தார், கூடவே ஒரு நீதிபதியும். பெயர்: இம்பி கத்தரீனா ரவுத்தியோ. "கத்தரீனா" அவளுக்குப் பிடிக்காது, அதனால் க-வை மட்டும் போடுவாள். நீங்கள் முழுதாகவே எழுதுங்கள். இன்னும் என்ன வேண்டுமோ கேள். உயரம், கண்ணின் நிறம், எந்தப் பாட்டைத் தப்பாகப் பாடுவாள், எல்லாம் எனக்குத் தெரியும்.

பெரியம்மாவிடம் சொல், அவள் செய்வது பெரிய உதவி.

இல்மா


பிளாக்ஃபுட்
2 ஏப்ரல் 1963

அன்பான என் இல்மா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபிக்காதே. பிப்ரவரியில் சித்தியின் வருஷ நாளுக்கு நான் எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

போன மாதம் எங்கள் சபை இளைஞர்களோடு ஐடஹோ ஃபால்ஸ் கோயிலுக்குப் போய்வந்தேன். அங்கே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது. அன்று முழுவதும் சித்தியின் நினைவுதான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதை நினைத்து நீ எப்போதும் கவலைப்பட வேண்டாம்.

உன் போட்டி நன்றாக நடக்கட்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நெட்ரா


பியூட்
21 ஏப்ரல் 1963

நெட்ரா அக்காவுக்கு,

நாங்கள் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம்.

போட்டியில் நான் ஜெயித்தேன். பெரியம்மாவின் அசையாத உதடுகளைச் சொன்னபோது நடுவர்களில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடிந்து வெளியே வரும்போது வெர்லா என்கிற பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். உங்கள் சபைக்காரி, என் வகுப்புதான்.

"உங்க பெரியம்மா எங்க ஆளுங்கன்னு சொல்லவே இல்லையே நீ! அப்ப உங்கம்மாவுக்கு வேலை முடிஞ்சிருக்குமே?"

"என்ன வேலை?"

"கோயில் வேலைதான், செத்தவங்களுக்குக் குடுக்கிற ஞானஸ்நானம். செத்து ஒரு வருஷம் ஆயிருச்சுல்ல? அவங்க பேரைச் சொல்லி உயிரோட இருக்கிற ஒருத்தரைத் தண்ணில முக்குவாங்க. பொம்பளைக்குப் பொம்பளை, ஆம்பளைக்கு ஆம்பளை. போன கோடைல நான்கூட எத்தனையோ பேருக்கு முங்கினேன். காதுக்குள்ள தண்ணி போயிரும், அது ஒண்ணுதான் தொல்லை. ஏன் இப்படிப் பாக்குற? நல்ல காரியம்டி அது!"

நீ எழுதியது நினைவுக்கு வந்தது: தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். வம்சம் என்று சொல்லி என்னிடம் கேட்டதையும் நினைத்துப் பார்த்தேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் அம்மாவின் பெயரில் நீ தண்ணீரில் மூழ்கினாயா?

இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. வெர்லாவைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

இல்மா


பிளாக்ஃபுட்
6 மே 1963

அன்பு இல்மா,

நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நாங்கள் நலம்.

ஆமாம். நான்தான்.

சித்தியைப் பிடிக்கும் என்பதால் வேறு யாரும் செய்யக் கூடாது என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் பெயரை ஒரு பெரியவர் உச்சரித்தார். "கத்தரீனா" என்றபோது சித்தி முகம் சுளிப்பது எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து அழுதேன். மற்றப் பெண்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். என்னவென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் அவளை எதுவாகவும் மாற்றவில்லை, இல்மா. கதவைத் திறந்து வைப்பது மட்டும்தான் எங்கள் வேலை. உள்ளே வருவதும் வராததும் அவள் இஷ்டம். அங்கே, மறுவுலகில், அவளிடம் கேட்பார்கள், அவள் முடியாது என்று சொல்லலாம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நானும் அதை நம்புகிறேன். ஆனால் உன் டிசம்பர் கடிதத்தைப் படித்த பிறகும் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அனுமதி கேட்காமல் எதுவும் நடக்கவில்லை. மிக நெருங்கியவர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. சம்மதம் இருந்தது. அதற்கு மேல் என்னைக் கேட்காதே. கோபம் என்மேலேயே இருக்கட்டும்.

நெட்ரா


பியூட்
12 மே 1963

நெட்ரா,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

சம்மதம் யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை. தங்கையின் பெயரில் அக்கா சம்மதித்தாள். பிள்ளைப்பூச்சி மாதிரி மன்றத்தில் நின்ற உன் அம்மா! ஜெபிக்காமல் அவள் காட்டிய பொறுமையைச் சொல்லி நான் பரிசு வாங்கியிருக்கிறேன். ஒரு வருஷம் முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறாள், அவ்வளவுதான். அவள் உதடு அசையாததற்குக் காரணம் சகிப்பு இல்லை, நாள் பார்த்தது.

நீங்கள் எங்களோடு சாப்பிட்டீர்கள், சிரித்தீர்கள், எங்கள் வீட்டில் படுத்துத் தூங்கினீர்கள். அந்த நேரமெல்லாம் எங்களைத் திருத்தப்பட வேண்டியவர்களாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா உன் அம்மாவிடம் முகத்துக்கு நேரே சண்டை போட்டாள். நீங்கள் அவள் பேச முடியாதவளாக ஆகும்வரை பொறுத்தீர்கள். அதைவிட மோசம், தேதியையும் பெயரையும் என் கையாலேயே எழுதி வாங்கினாய். சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன்!

அப்பாவிடம் உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்துவார், உங்கள் ஊருக்கு வண்டியை எடுப்பார் என்று நினைத்தேன். ஒரே பூட்ஸுக்கே திரும்பத் திரும்ப எண்ணெய் தடவினார். கடைசியில், "விடு இல்மா. சின்னப் பொண்ணு அது. தண்ணிதானே" என்றார். பாதிரியாரைப் படியில் இறக்கிவிட்ட மனிதர்! உண்மையான சகிப்புத்தன்மை என்றால் என்னவென்று அப்போதுதான் பார்த்தேன். உங்களை மன்னிக்கிற பெருந்தன்மை அவருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

இந்த ஆகஸ்டில் நீங்கள் யாரும் வர வேண்டாம்.

இல்மா ரவுத்தியோ


பிளாக்ஃபுட்
30 ஜூன் 1963

அன்பு இல்மா,

இங்கே எல்லோரும் சுகம். பாத்தி கொத்தி முடித்தோம். இலையெல்லாம் நன்றாகத் தழைத்திருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். "எழுதினது முழுக்க அவ அம்மாதான்" என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை. பதில் எழுதட்டுமா என்று கேட்டேன். "நாம சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும்" என்றாள்.

ஆகஸ்டில் வரமாட்டோம். சித்தப்பாவிடம் கோபமாகப் பேசாதே.

நெட்ரா


பியூட்
8 செப்டம்பர் 1963

அன்புள்ள நெட்ரா அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பெரியம்மாவின் முழங்காலுக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஆகஸ்ட் முழுவதும் சவுனாவைப் பற்ற வைக்கவே இல்லை.

போன வியாழக்கிழமை பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சமையலறையில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கழுத்துப்பட்டையும் போட்ட இரண்டு இளைஞர்கள் நான் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஆட்கள். அப்பா அவர்களுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்திருந்தார். அடுப்பில் காப்பிப் பாத்திரம் இல்லை. ஒளித்து வைத்துவிட்டார்.

உயரமானவன் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினான். "சகோதரர் ரவுத்தியோவோட மகளா? உங்கப்பா மனசு யாருக்கு வரும்? மனைவிக்காகச் சம்மதம் குடுத்ததோட நிக்காம, தானும் வரணும்னு கேக்குறாரே!"

மற்றவன் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தான். மிதிக்கிற சத்தம் கேட்டது.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தினேன்.

"நீங்களா?"

"நான்தான்."

"பெரியம்மா கெஞ்சினாளா?"

"இல்லம்மா. நான்தான் அவளுக்கு எழுதினேன். உங்க ஆளுங்க செத்தவங்களுக்கும் ஏதோ பண்ணுவீங்களாமே, இம்பிக்குப் பண்ணுவியான்னு. உன் பெரியம்மா சில்வி மொதல்ல முடியாதுன்னுட்டா. 'அங்க வந்தும் அவ என்னைக் கொன்னுருவா'ன்னு எழுதினா. நான் விடலை. மூணு மாசம் எழுதி எழுதி வாங்கினேன்."

"அம்மா சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? அவ கை உங்க கன்னத்துல இருந்துச்சே!"

"இருந்துச்சு."

"நான் கடிதத்தைப் படிச்சப்ப, தண்ணிதானேன்னு சொன்னீங்களே!"

"வேற என்ன சொல்ல? நீ உங்கம்மா மாதிரியே நின்னுக்கிட்டிருந்த."

அம்மா சுவரில் மாட்டிவைத்திருந்த சங்கத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டு அப்பா சொன்னார்: "செத்தா அவ்வளவுதான்னு அவ நிம்மதியாப் போயிட்டா, இல்மா. அவளுக்கு அது போதும். அந்த 'அவ்வளவுதான்'கூட தினமும் படுத்து எழுந்திரிக்கிறவன் நான். எங்கயாவது ஒரு வாசல் இருக்குன்னு ஒருத்தன் சொன்னா, அது பொய்னு தெரிஞ்சாக்கூட நான் போய்த் தட்டுவேன்."

அக்கா, எனக்கு அவரைப் புரிந்தது. அந்த நிமிஷத்தில் அவரைப் புரிந்துகொண்ட அளவுக்கு நான் யாரையுமே புரிந்துகொண்டதில்லை. மாவு விலையைச் சுவரிடம் சொன்னது, பூட்ஸுக்குத் தடவிய எண்ணெய், ஒவ்வொன்றும் புரிந்தது. ஆனால் அவரோடு ஒரே அறையில் என்னால் நிற்க முடியவில்லை. பெருந்தன்மையான மனிதர் என்று தப்பாக நினைத்திருந்த வரையில் அவரை எவ்வளவு சுலபமாகச் சகித்துக்கொண்டேன்! மேடையில் நான் அடுக்கிய வாதம் எல்லாமே தலைகீழாக இருந்தது. யாராவது வந்து அந்தப் பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டால் நல்லது.

அவரைக் காட்டிக்கொடுக்காமல் நீ என் வசவை வாங்கிக்கொண்டாய். பெரியம்மாவும்தான். நாள் பார்த்தாள் என்று நான் எழுதியது பொய், அதை எடுத்துவிடுங்கள். மற்றதை எடுக்க மாட்டேன். அம்மா வேண்டாம் என்றாள், வேண்டாம் என்றது உங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே செய்தீர்கள். நீ அழுதாய், பெரியம்மா மறுத்துப் பார்த்தாள், அப்பா தனிமையில் செத்துக்கொண்டிருந்தார். எல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்துகொண்டே சொல்கிறேன், என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அங்க அவகிட்ட கேப்பாங்களாம். அவ வேணும்னா வரலாமாம். இல்மா, உனக்கு அவளை நல்லாத் தெரியும். நான் அங்க நிக்கிறேன்னு தெரிஞ்சா சரின்னு வருவாளா?"

"மாட்டா," என்றேன். "நீங்க நின்னாலும் மாட்டா."

முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கும் தெரியும். நீயாவது ஒரு பொய் சொல்லுவேன்னு பாத்தேன்."

பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான் பொய் சொல்லவில்லை, அக்கா. அம்மாவுக்காக முடியாது என்று சொல்ல இந்த வீட்டில் இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஆனாலும் அவர் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறார். அக்டோபரில், உங்கள் அறுவடை முடிந்த பிறகு, உங்கள் ஊர்ச் சபைக் கட்டடத்தில் வைத்து. என்னைக் கூப்பிட்டார், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ அங்கே இருப்பாய், அதனால் உனக்கு எழுதுகிறேன். நான் பிறப்பதற்கு முன் ஒரு முறை பழைய சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து, விடியும்வரை கழுத்தளவில் நின்றவர் அவர். முகம் தண்ணீருக்குள் போனால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். முகம் கழுவுவதுகூட ஈரத்துணியால்தான். இதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார், கடைசி நிமிஷத்தில் வெலவெலத்துப் போவார். முக்குகிறவரிடம் முன்னாலேயே சொல்லி வை: தோளைப் பிடித்து அழுத்தக் கூடாது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சீக்கிரம் தூக்கிவிட வேண்டும். கரையேறியதும் காதை நன்றாகத் துடைக்கச் சொல், இருமல் வந்துவிடும்.

நான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இல்மா